போனில் இருக்கும் அந்த நாடகத்தை என்ன செய்வது?

கேள்வி:

அன்புள்ள மேடம், எனக்கு 28 வயது. செம்பூரில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு சபாவுக்குப் போன நாளிலிருந்து தமிழ் நாடகம் என்றால் எனக்கு உயிர். காலேஜில் படிக்கும்போது நியூயார்க், லண்டன் மியூசிக்கல்களை யாரோ ஒளித்து எடுத்த வீடியோவாகப் பார்த்துப் பார்த்து அந்தப் பைத்தியமும் பிடித்துக்கொண்டது. ஐந்து வருடமாக நானும் நாடகங்களைப் போனில் பதிவு செய்கிறேன். துப்பட்டாவுக்குள் போனை வைத்து, ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைத்து எடுப்பேன். மொத்தம் 14 நாடகம். எங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. மும்பை, பெங்களூரு, டெல்லி, சிங்கப்பூர் என்று 60 பேர். ஒருவர் ஒன்று கொடுத்தால் பதிலுக்கு இன்னொருவர் ஒன்று கொடுப்பார். காசு யாரும் வாங்கியதில்லை. போன மாதம் குரூப்பில் ஒருவர் நான் எடுத்த நாடகத்தை யூட்யூபில் ஏற்றிவிட்டார். அந்த நாடகக் குழுவின் இயக்குநர் பார்த்துவிட்டு, கேஸ் போடப்போகிறேன் என்று சபா செக்ரட்டரியிடம் சொன்னாராம். எல்லோரும் என்னை அழித்துவிடச் சொல்கிறார்கள். ஆனால் அதில் அப்பா வேடம் போட்ட பெரியவர் இந்த வருடம் பொங்கல் கழிந்த வாரத்தில் இறந்துவிட்டார். அவர் அந்த வேடத்தில் நடித்ததற்கு வேறு வீடியோவே கிடையாது என்கிறார்கள். நான் ஜெயிலுக்குப் போவேனா? அழித்துவிடட்டுமா? நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா?

பதில்:

அன்புள்ள செம்பூர் வாசகிக்கு,

அழிக்காதீர்கள். இன்று எதையும் அழிக்க வேண்டாம், போனை மாற்ற வேண்டாம், குரூப்பை விட்டு வெளியேறவும் வேண்டாம். கேஸ் வரும் என்று தெரிந்த பிறகு அழித்தால், தடயத்தை மறைக்கப் பார்த்தீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தப் பெரியவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஜெயில் பயத்தில் நீங்கள் ராத்திரி தூங்குகிறீர்களோ என்னவோ, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவில், உரிமையைத் தெரிந்தே மீறுகிறவருக்குக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை என்று இருக்கிறது. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய, தானாக ஜாமீன் கிடைக்காத குற்றம் என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் இதை ஒன்றுமில்லை என்று நான் தட்டிவிட மாட்டேன். ஆனால் அதே பிரிவிலேயே, வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது தக்க காரணம் காட்டி நீதிமன்றம் தண்டனையை இதற்கும் கீழே குறைக்கலாம் என்றும் இருக்கிறது. நீங்கள் காசு வாங்கவில்லை. பதிலுக்குப் பதில் வாங்கியிருக்கிறீர்கள். அதை லாபம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடலாம், ஆனால் கடையைத் திறந்து சிடி விற்றவருக்கும் உங்களுக்கும் நீதிபதி வித்தியாசம் பார்ப்பார். இத்தனை வருட வக்கீல் தொழிலில் என்னிடம் வந்த நாடகக்காரர்கள் எவரும் ரசிகரை உள்ளே தள்ள வேண்டும் என்று வந்ததில்லை. வீடியோ இறங்க வேண்டும், எடுத்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இந்த இரண்டுக்காகத்தான் வந்தார்கள்.

உங்கள் நண்பர்கள் யாராவது 2023இல் வந்த சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தால், அது வேறு. அந்த வருடம் திருத்தப்பட்டது சினிமாட்டோகிராஃப் சட்டம். தியேட்டரில் ஓடும் சினிமாவைப் படம் பிடிப்பதற்கான தண்டனை அதில் இருக்கிறது. மேடை நாடகத்துக்கு அது பொருந்தாது. நாடகத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம்தான்.

அந்தச் சட்டம் உங்களைப் போன்றவர்களை எங்கே நிறுத்துகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ரசிகர்களும் சரி, நாடகக்காரர்களும் சரி, இரண்டு பக்கமும் இதைத் தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஒரு நாடகத்தில் குறைந்தது இரண்டு உரிமை இருக்கிறது. எழுதியவருடையது ஒன்று. அது அவர் ஆயுள் முழுக்கவும், அதற்கப்புறம் 60 வருடமும் நிற்கும். இன்னொன்று நடித்தவருடையது. 1994 திருத்தத்துக்கு முன்னால் நம் சட்டத்தில் நடிகருக்கென்று ஒரு உரிமையும் இல்லை. மேடையில் உயிரைக் கொடுத்து நடித்தவர் சட்டத்தின் கண்ணில் யாரோ ஒருவர்தான். திருத்தத்தில் வந்த உரிமை முதலில் 25 வருடம், 1999இல் அதை 50 வருடமாக்கினார்கள். 2012இல் 38ஏ, 38பி என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. தன் நடிப்பைப் பதிவு செய்வதும், அந்தப் பதிவைப் பிரதி எடுப்பதும், மக்களிடம் கொண்டுபோவதும் நடிகரின் தனி உரிமை என்கிறது முதலாவது. தன் பெயரோடு சொல்லப்படவும், தன் நடிப்பைச் சிதைத்துத் தனக்குக் கெட்ட பெயர் வரும்படி செய்தால் தட்டிக்கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு என்கிறது இரண்டாவது. சட்டம் யாரையெல்லாம் இந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது தெரியுமா? நடிகர், பாடகர், நடனக்காரரோடு கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

சங்கரதாஸ் சுவாமிகள் இறந்தது 1922இல். அவர் எழுதிய நாடகத்தை இன்று யார் வேண்டுமானாலும் போடலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் அதைப் போட்ட பையனின் நடிப்பு அந்தப் பையனுடையது. பழைய நாடகம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று உங்கள் குரூப்பில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

உங்களுக்குச் சாதகமான பிரிவும் ஒன்று இருக்கிறது. 39ஆவது பிரிவின்படி, எடுத்தவர் தன் சொந்த உபயோகத்துக்காக மட்டும் எடுத்தால் அது நடிகர் உரிமையை மீறியதாகாது. கற்பிப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் உண்மையாகவே எடுத்தாலும் அப்படித்தான். எழுதியவர் விஷயத்திலும் சொந்த உபயோகத்துக்கு 52ஆவது பிரிவு கொஞ்சம் இடம் கொடுக்கிறது. அதனால் நீங்கள் எடுத்ததைத் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும், சட்டப்படி உங்களுக்காகப் பேச ஒரு வக்கீலுக்கு வழி இருந்தது. முதல் ஆளுக்கு அனுப்பிய அந்த நிமிஷத்தில் அந்த வழி அடைபட்டுவிட்டது. யூட்யூபில் ஏற்றியது வேறு ஒருவர், உண்மைதான். அவர் கையில் கொடுத்தது நீங்கள். 60 பேர் இருக்கிற இடத்தை எந்தக் கோர்ட்டும் வீடு என்று ஒத்துக்கொள்ளாது.

டிக்கெட்டின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். வீடியோ எடுக்கக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தாலோ, நாடகம் தொடங்கும் முன் அறிவித்திருந்தாலோ, அது அரங்கத்துக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம். சட்டம் சொந்த உபயோகத்துக்கு விட்டாலும் அரங்கம் விட வேண்டியதில்லை. வெளியே போகச் சொல்லலாம்.

இவ்வளவும் வக்கீலாகச் சொன்னது. நீங்கள் கடைசியாகக் கேட்டது வேறு. அவ்வளவு பெரிய தப்பா என்று கேட்டீர்கள். அதற்கு நான் சைடு விங்கில் நின்ற ஆளாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மாட்டுங்காவில் ஒரு சின்ன நாடகக் குழுவில் ப்ராம்ப்டராகச் சேர்ந்தேன். வசனத்தை மறந்தவருக்குத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கிற வேலை. இன்றைக்கும் வருடத்துக்கு ஒரு நாடகத்துக்காவது அந்த இடத்தில் போய் நிற்கிறேன். பார்வையாளர்களுக்குத் தெரியாத ஒன்று அங்கே நின்றால் தெரியும். சீன் முடிந்து விளக்கு அணைகிறது. பதினைந்து இருபது நொடிதான். அதற்குள் இரண்டு பேர் நாற்காலியை நகர்த்த வேண்டும், இன்னொருவர் சட்டையை மாற்றிக்கொண்டு இருட்டிலேயே வந்து தன் இடத்தில் நிற்க வேண்டும். தரையில் ஒட்டிய வெள்ளை டேப் துண்டுதான் அவருக்கு வழிகாட்டி. கண் இருட்டுக்குப் பழகினால்தான் அந்த டேப் தெரியும். அந்த நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு நீல வெளிச்சம் எழும்பினால் போதும், கண் கூசி எல்லாம் போய்விடும். ஒரு முறை எங்கள் குழுவில் பாட்டி வேடம் போட்ட அம்மாள், நிஜத்திலும் அறுபது தாண்டியவர், அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துத் தடுமாறிக் கட்டில் விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்டார். விளக்கு வந்தபோது அவர் டேப்பின் மேல்தான் நின்றார், சிரித்துக்கொண்டே வசனம் பேசினார். புடவைக்குள் ரத்தம் கசிவது எனக்கு மட்டும் தெரிந்தது.

நீங்கள் ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைத்துத்தான் எடுத்தீர்கள். நம்புகிறேன். ஆனால் மேடையிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது வெளிச்சம் மட்டும் இல்லை. முன்வரிசைகளில் முகம் தெரியும். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல், எல்லோரும் மூச்சைப் பிடித்திருக்கும்போது குனிந்து மடியைச் சரிசெய்கிற ஒரு முகம் தனியாகத் தெரியும். ஜுஹூவில் இருக்கிற பிருத்வி தியேட்டருக்குப் போயிருப்பீர்கள். 1978இல் திறந்த அரங்கம், 200 பேர்தான் உட்காரலாம், மேடைக்கு மூன்று பக்கமும் ஜனங்கள். அங்கே நடிகரின் வேர்வை நமக்குத் தெரிகிற மாதிரி நம் கை அவருக்குத் தெரியும். 2015 ஆகஸ்டில் லண்டனில் பார்பிகன் அரங்கத்தில் ஹாம்லெட்டாக நடித்துக்கொண்டிருந்த பெனடிக்ட் கம்பர்பேட்ச், நாடகம் முடிந்து வாசலில் காத்திருந்த ரசிகர்களிடமே வந்து, தயவுசெய்து படம் பிடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நடுவில் ஒரு சிவப்பு விளக்குப் புள்ளி தன் கண்ணில் பட்டதைச் சொன்னார். உலகமே கொண்டாடும் நடிகர். அத்தனை கூட்டத்தில் அந்த ஒரு புள்ளி அவரைக் கலைத்துவிட்டது. இங்கே 2019இல் மராத்தி நடிகர் சுபோத் பாவே, நாடகத்தின் நடுவே ஓயாமல் அடிக்கும் போன்களால் மனம் நொந்து, மேடையில் நடிப்பதையே விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று எழுதினார்.

இன்னொரு நஷ்டம் இருக்கிறது. சிரிப்பு நாடகம் போடுகிற தமிழ்க் குழுக்களுக்கு அது வயிற்றில் அடிப்பது. எங்கள் நாடகம் ஒன்றில் இரண்டாம் பாதியில் மாமனார் கதவைத் திறந்துகொண்டு வருவார். யார் வரப்போகிறார் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒரு நுழைவுக்காக இயக்குநர் முப்பது ஒத்திகை பார்த்தார். முதல் மூன்று ஊர்களில் கதவு திறந்ததும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு. நான்காவது ஊரில் கதவு திறக்கும் முன்பே முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறந்தபோது பாதிப் பேர் மேடையைப் பார்க்கவில்லை. யாரோ எடுத்த நாற்பது நொடி கிளிப் எங்களுக்கு முன்னாலேயே அந்த ஊருக்குப் போய்விட்டது என்று மறுநாள்தான் தெரிந்தது. ஐந்தாவது ஊரின் சபாக்காரர் கூப்பிட்டு, எல்லோரும் பார்த்துவிட்டார்களாமே, வேறு நாடகம் இருக்கிறதா என்று கேட்டார். செட் லாரிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஆறு பேருக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அனுப்பினவர் எங்கள் மேல் ஆசை வைத்தவர்தான். எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள் என்று எழுதித்தான் அனுப்பியிருந்தார்.

அந்தக் கிளிப்பில் எங்கள் மாமனார் நன்றாகவும் இல்லை. மேடை நடிகர் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எட்டுகிற மாதிரி குரலை வீசுகிறார், கையைக் கொஞ்சம் அகலமாக்குகிறார். சயானில் சண்முகானந்தா போல 2,700 பேருக்கு மேல் உட்காருகிற அரங்கில் வேறு வழியில்லை. அதை ஆறு அங்குல ஸ்கிரீனில் பார்த்தால் ஓவர் ஆக்டிங் என்று தோன்றும். போனின் மைக் பக்கத்து சீட்டின் இருமலைத்தான் முதலில் பிடிக்கும். மேடையில் ஸ்பாட் லைட் விழுந்தால் முகம் வெள்ளைப் பூசணிக்காய் மாதிரி வெளுத்துவிடும். நீங்கள் நேசித்துப் பாதுகாத்தது அந்த மனிதரின் நடிப்பில் ஒரு மோசமான பங்கு. அதை முன்பின் தெரியாதவர்கள் பார்த்து, நாடகம் என்றாலே இப்படித்தான் கத்துவார்கள் என்று நினைப்பதைத் தடுக்க அவரால் முடியாது.

இத்தனைக்கும் பிறகு உங்கள் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் எனக்குத் தெரியும். சென்னையிலிருந்து ஒரு நாடகம் மும்பைக்கு வருகிறது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரே ஒரு காட்சி. ஜுரம் வந்து படுத்தால் போச்சு. கேசட், சிடி காலத்தில் நாடகக்காரர்களே முறைப்படி வெளியிட்ட ஒலிப்பதிவுகளை வீட்டில் போட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது நின்றுபோன இடத்தை இன்னும் யாரும் ஒழுங்காக நிரப்பவில்லை. எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். அவர் குரல் இசைத்தட்டில் இருக்கிறது. மேடையில் எப்படி நடந்து வந்தார், பாட்டின் நடுவில் யாரைத் திரும்பிப் பார்த்தார் என்பதெல்லாம் பார்த்தவர்களோடு போய்விட்டது. அந்த இழப்பு உங்கள் மாதிரி ஆட்களைத்தான் அதிகமாக உறுத்தும். உறுத்தவும் வேண்டும்.

நியூயார்க்கில் இந்த ஆதங்கத்துக்கு ஒரு வழி கண்டார்கள். 1970இல் பெட்டி கார்வின் என்ற அம்மையார் அங்குள்ள பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவில் நாடகங்களைப் பதிவு செய்து வைக்கும் காப்பகத்தைத் தொடங்கினார். நாடகத் துறையின் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பேசி, சம்மதம் வாங்கி எடுத்த பதிவுகள். நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்துதான் பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உலகத்துக்கு அது போதவில்லை என்பதால்தான் நீங்கள் பார்த்த ஒளித்து எடுத்த வீடியோக்கள் ரசிகர்களிடம் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் போதவில்லை என்று நாடகக்காரர்களும் உணர்ந்திருக்கிறார்கள். லண்டன் நேஷனல் தியேட்டர் 2009இலிருந்து தன் நாடகங்களை சினிமா அரங்குகளுக்கு அனுப்புகிறது. நரிமன் பாயின்டில் என்சிபிஏ என்கிற கலை மையத்திலேயே அவற்றைத் திரையிட்டிருக்கிறார்கள். ஹாமில்டன் என்ற நியூயார்க் மியூசிக்கலை முதல் குழுவினர் நடித்துக்கொண்டிருந்த 2016லேயே முறையாகப் படம் பிடித்து வைத்து, 2020 ஜூலையில் வெளியிட்டார்கள். நம் ஊரில் டெல்லியில் சங்கீத நாடக அகாடமியின் காப்பகம் இருக்கிறது. ஆனால் முலுண்டிலும் செம்பூரிலும் நாடகம் போடுகிற சின்னக் குழுவைத் தேடி எந்தக் காப்பகமும் கேமராவோடு வராது. அந்த வேலையை ரசிகர்கள் செய்யலாம். கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் அந்தக் குழுவிடமிருந்து எடுத்துக்கொண்டது, அவர்களைக் கேட்பதற்கான அந்த ஒரு சந்தர்ப்பத்தை.

அதை இப்போதாவது கொடுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

யூட்யூபில் ஏற்றியவரை இன்றே போனில் கூப்பிடுங்கள், மெசேஜ் வேண்டாம். எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நீங்களே புகார் கொடுத்து இறக்க முடியாது. நான் எடுத்த வீடியோதானே என்று நினைப்பீர்கள். பிறர் உரிமையை மீறி உருவான படத்துக்கு, எடுத்தவருக்கே பதிப்புரிமை கிடைக்காது என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. புகார் நாடகக் குழுதான் கொடுக்க வேண்டும். அவர்கள் முறையாக எழுதிக் கொடுத்தால், 2013ஆம் வருடப் பதிப்புரிமை விதிகளின்படி யூட்யூப் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். அப்புறம் 21 நாளுக்குள் கோர்ட் ஆணை வாங்கிக் காட்டவில்லை என்றால் மறுபடி திறந்துவிடலாம். இந்த விவரத்தை அவர்களுக்கு நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து இயக்குநர். சபா செக்ரட்டரியை நடுவில் வைத்து நேரம் கேளுங்கள், வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். எந்தத் தேதியில் எந்த அரங்கில் எடுத்தேன், யார் யாருக்கு அனுப்பினேன், எது எங்கே போயிற்று என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். ஆசையால் செய்தேன் என்று இரண்டு பக்கம் எழுதாதீர்கள். ஆசை அவருக்குத் தெரியும். எழுதிக் கொடுப்பது ஒப்புக்கொள்வதாகும், நாளை அதையே கோர்ட்டில் காட்டலாம். வக்கீலான நான் இதை மறைக்கக் கூடாது. அதனால் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். இருந்தாலும் நேரில் போவதைத்தான் நான் சொல்வேன். கேஸ் நோட்டீஸ் வந்த பிறகு சொல்லும் மன்னிப்பை வக்கீல்தான் படிப்பார். அதற்கு முன் போய்ச் சொன்னால் அந்த மனிதரே கேட்பார்.

அவர் கோபப்படுவார். படட்டும். எல்லாவற்றையும் அழி என்று சொன்னால், அந்தக் குழுவின் நாடகம் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் அவர் கையில் பென்டிரைவில் கொடுத்துவிட்டு, அவர் எதிரிலேயே உங்கள் போனிலிருந்து அழியுங்கள். அதன் பிறகு வைப்பதா விடுவதா என்பது அவர் முடிவு. மீதி நாடகங்கள் வேறு குழுக்களுடையதாக இருந்தால் அவர்களுக்கும் ஒவ்வொன்றாக எழுதுங்கள். சிலர் பதில் போட மாட்டார்கள். சிலர், அட, எங்களிடமே இது இல்லையே, அனுப்பும்மா என்பார்கள். இதை நான் பார்த்திருக்கிறேன்.

குரூப்பில் ஒரே ஒரு செய்தி போடுங்கள். நான் அனுப்பியவற்றை எல்லோரும் அழித்துவிடுங்கள், குழுக்களிடம் நானே பேசுகிறேன் என்று. யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அந்த 60 பேரும் நாடகத்தின் மேல் உயிரை வைத்தவர்கள், இந்தக் காலத்தில் அப்படி 60 பேர் ஒரே இடத்தில் கிடைப்பது சாமானியமில்லை. அவர்களை வைத்து எழுதுங்கள். பார்த்த நாடகத்தைப் பற்றி, நடித்தவர் பெயரோடு, எந்தக் காட்சியில் என்ன செய்தார் என்று விவரமாக எழுதுங்கள். விமரிசனத்துக்காக வசனத்தில் இரண்டு வரி எடுத்துக்காட்டுவதைச் சட்டம் தடுக்காது. நோட்டீஸ், டிக்கெட், நடிகர் பட்டியல் எல்லாம் சேர்த்து வையுங்கள். பிறகு ஒரு குழுவிடம் போய், உங்கள் நாடகத்தின் கடைசிக் காட்சியை அரங்கின் பின்னாலிருந்து ஒரு கேமரா வைத்து நாங்கள் செலவு செய்து எடுத்துத் தருகிறோம், பதிவு உங்களுடையது என்று கேளுங்கள். எழுதியவர், இயக்குநர், நடித்த ஒவ்வொருவர், இசை அமைத்தவர் எல்லோரிடமும் ஒரு பக்கத்தில் கையெழுத்து வேண்டும். அந்தப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். அதற்குப் பணம் வாங்க மாட்டேன்.

நியூயார்க் வீடியோக்களைப் பார்த்ததற்காக உங்கள் கதவை யாரும் தட்டப்போவதில்லை. 2023இல் பாந்த்ராவின் புதிய அரங்கத்துக்கு சவுண்ட் ஆஃப் மியூசிக் வந்தது, அதன் பின்னும் பெரிய மியூசிக்கல்கள் இங்கே வரத் தொடங்கியிருக்கின்றன. டிக்கெட் விலை கசக்கும். இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று சேர்த்துவைத்தாவது பாருங்கள்.

இனி அந்தப் பெரியவர். அவர் இறந்ததால் உரிமை இறந்துவிடவில்லை. அவர் நடித்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 50 வருடம் அது நிற்கும், அவர் வாரிசுகளிடம் இருக்கும். அதனால் குழுவுக்குக் கொடுப்பதோடு அவர் குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுக்க இயக்குநரிடம் அனுமதி கேளுங்கள். இதை அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. போனில் முதலில் பதிவான ஃபைலையே பென்டிரைவில் ஏற்றுங்கள். வாட்ஸப்பில் போய் வந்தது நசுங்கியிருக்கும், தேதியும் மாறியிருக்கும்.

அவர் வரும் இடங்களை மட்டும் வெட்டிக் கொடுக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். முழு நாடகமாகவே கொடுங்கள். அப்பா வேடக்காரர் பாதி நேரம் நாற்காலியில் சும்மாதான் உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் பெண்ணோ பிள்ளையோ அந்த வீடியோவைப் போட்டால், அவர் வசனம் பேசும் இடத்தைவிட, மகன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் இடத்தில்தான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்.